வண்டிக்கு ஜலகண்டம்

அன்று காலை அறிவுச்செல்வனின் பிக்கப் வண்டி நாகம்மாளின் வைக்கோல் போரில் போய் நின்றது.

நின்றது என்று மரியாதைக்குச் சொல்கிறோம். அறிவுச்செல்வன் நிறுத்தவில்லை. பிரேக்கும் நிறுத்தவில்லை. வைக்கோல் போர்தான் பெரிய மனசு பண்ணி நிறுத்தியது. வண்டியின் மூக்கு முழுசாக உள்ளே போய்விட, ஹாரன் மட்டும் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. போரின் மறுபக்கம் தின்றுகொண்டிருந்த பசு, தன் தீனி தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்து முளைக்குச்சியோடு ஓட்டம் பிடித்தது.

நாகம்மாள் அடுத்த வீட்டுக்காரி. சத்தம் கேட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன் அறிவு, மாட்டுக்குத்தான் வைக்கோல் போட்டு வச்சிருக்கேன். உன் வண்டிக்கும் பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தனியா ஒரு கட்டு எடுத்து வச்சிருப்பேன்ல?"

"பிரேக் பிடிக்கலக்கா."

"போன வாரம் என் எருக்குழிக்குள்ள வந்து நின்னப்பவும் இதையேதான் சொன்ன."

"அது பழைய பிரேக். இது மெக்கானிக் ஜாஹித் புதுசா போட்ட பிரேக்."

"புதுசா? அதான் இவ்வளவு வேகமா வந்துச்சா!"

அறிவுச்செல்வன் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கினான். வீட்டு வாசலில் அவன் மனைவி இசைவாணி நின்றிருந்தாள். கையில் பூவாளி. முகத்தில் ஒன்றுமில்லை. இந்த ஒன்றுமில்லாத முகத்தைக் கண்டால்தான் அவனுக்குப் பயம். திட்டினால் பதில் சொல்லலாம், ஒன்றுமில்லாததற்கு என்ன பதில் சொல்வது?

அந்த இடத்திலேயே, வைக்கோல் போர் சாட்சியாக, அவன் சபதம் எடுத்தான்.

"இனிமே எந்த மெக்கானிக்கும் வேணாம். இந்தப் பிரேக்குல என்ன கோளாறுன்னு நானே கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிக்கிற வரைக்கும் முகச்சவரம் கிடையாது!"

"தாடி வச்சா பிரேக் பிடிக்குமாங்க?" என்றாள் இசைவாணி.

நன்னிலத்துப் பக்கம் அறிவுச்செல்வனின் வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. சத்தத்தால் தெரியும். வயதான வண்டி. நெல் மூட்டை, கல்யாணப் பாத்திரம், பந்தல் கால், உரம் என்று அது சுமக்காதது இல்லை. அறிவுச்செல்வனுக்கு அது வண்டி இல்லை, வீட்டில் ஒரு ஆள். வெள்ளிக்கிழமை தோறும் வாய்க்கால் படித்துறைக்கு ஓட்டிக்கொண்டு போய், பின்பக்கமாக இறக்கி, பின் சக்கரம் பாதி முங்குகிற அளவுக்கு நிறுத்தி, வைக்கோல் புரி வைத்துத் தேய்தேய் என்று தேய்த்துக் குளிப்பாட்டுவான். ரிப்பேர் பார்த்து வந்தால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் ஒரு முழுக்கு உண்டு. தன் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் வண்டியின் குளியலை அவன் மறந்ததில்லை.

ஓட்டுவதும் அவன் மட்டும்தான். ஸ்டீயரிங்கை வேறு யாரும் தொட்டால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அங்கேதான் சிக்கல். போன தை மாதம் இசைவாணி லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பயிற்சிக் காரில் நன்னிலம் கடைத்தெருவிலேயே எட்டுப்போட்டுக் காட்டியவள். தெருப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, நடவு மெஷினுக்கு வேண்டிய பாய் நாற்று வளர்த்து விற்கிறாள். பாய் மாதிரியே சுருட்டி எடுத்துப்போகிற நாற்று. போன பருவத்தில், பிரேக் பிடிக்காத இந்த வண்டியை நம்பாமல், வாடகை வண்டி பிடித்து அனுப்பினாள். அந்த டிரைவர் நாற்றுப் பாயைப் பந்தியில் இலை போடுகிற மாதிரி விசிறியடித்து, போய்ச் சேர்ந்ததில் பாதி கிழிசல். வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தச் சம்பாவுக்கு ஒரே ஒருவர்தான் நம்பிக் கேட்டிருந்தார். இதுவும் கெட்டால் இனி யாரும் கேட்கமாட்டார்கள். அதனால், இந்த முறை தானே ஓட்டிக்கொண்டு போய்த் தன் கையால் இறக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆசை கூட இல்லை, பிடிவாதம்.

கேட்டபோது அறிவுச்செல்வன் தாராளமாகச் சொன்னான், அதுவும் நாகம்மாள் முன்னாலேயே.

"பிரேக் மட்டும் சரியாகட்டும் வாணி. சரியாகிடுச்சுன்னு என் வாயால நான் சொல்ற அன்னைக்கு, சாவி உன் கையில."

சொல்லும்போதே உள்ளே ஒரு நிம்மதி. பிரேக்தான் சரியாகப் போவதில்லையே! மூன்று வருஷமாக ஜாஹித் என்னென்னவோ மாற்றிப் பார்த்துவிட்டான். ஜாஹித் நல்ல மெக்கானிக்தான். ஆனால் இந்த ஒரு வண்டியைப் பார்த்தால் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மாசி, பங்குனியில் அவன் கை வைத்தால் பிரேக் கல் மாதிரி நிற்கும். ஆடி பிறந்தால் போச்சு. அவன் வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடியும் கோளாறு.

சபதம் எடுத்த மறுநாள் ஆராய்ச்சி ஆரம்பமானது. கைப்பேசியில் யாரோ ஒருவர் பிரேக் குழாயில் காற்று புகுந்திருந்தால் எப்படி வெளியேற்றுவது என்று காட்டியதை மூன்று தரம் பார்த்தான். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வண்டிக்கு அடியில், ஒருவர் பெடல் மேல்.

"வாணி! வந்து சீட்டுல உட்காரு."

"எந்தச் சீட்டுலங்க?"

"டிரைவர் சீட்டுலதான்."

"நானா?"

"சாவி போட வேணாம். சும்மா பெடலை அமுக்கணும், அவ்வளவுதான்."

இசைவாணி ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஸ்டீயரிங்கில் கை வைத்துப் பார்த்தாள். அடியில் மல்லாந்து கிடந்த அறிவுச்செல்வனுக்கு இதெல்லாம் தெரியாது.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்."

"விடு!"

"விட்டுட்டேன்."

"அமுக்கு, அப்படியே பிடி!"

"பிடிச்சிட்டேன். ஏங்க, இந்த சீட்டுலேர்ந்து பார்த்தா ரோடு எவ்வளவு நல்லா தெரியுது!"

"ரோட்டைப் பார்க்காத, பெடலைப் பாரு!"

"பெடலைப் பார்த்துக்கிட்டு ஓட்டினா வைக்கோல் போர்லதானே போய் நிக்கும்?"

"விடாதன்னு சொன்னேன்ல! விட்டுட்டியா?"

"நாகம்மாக்கா கூப்பிட்டாங்கன்னு திரும்பினேன்."

அந்த நேரம் பார்த்துப் பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்து, அறிவுச்செல்வனின் இரண்டு நாள் தாடி பளபளத்தது. ஆனாலும் வேலை முடிந்தது. பெடல் கெட்டிப்பட்டிருந்தது. வாசலிலேயே ஓட்டிப் பார்த்தான், நின்றது. அவன் சந்தோஷத்தைக் கேட்பானேன்! மீசையை முறுக்கிக்கொண்டு நேராகப் படித்துறைக்கு விட்டான். வண்டிக்குச் சுகமான குளியல். நெற்றிக்குச் சந்தனம். விசிலடித்துக்கொண்டே திரும்பினான்.

திரும்பும்போதுதான், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த இசைவாணியின் நாற்றங்காலுக்கு நேராகப் பிரேக்கை மிதித்தான். பெடல் போனது. வண்டியும் போனது. வரப்பில் ஏறி, முன் சக்கரம் சேற்றில் புதைந்து, ஒரு நாற்றுப் பாயை நசுக்கிக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு முழம் போயிருந்தால் இந்தப் பருவமே போயிருக்கும்.

இசைவாணி ஓடி வந்தாள். நசுங்கிய பாயைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் பச்சை கட்டியிருந்த நாற்று. அவள் கண் கலங்கியதை அறிவுச்செல்வன் பார்த்துவிட்டான். அவள் திட்டியிருக்கலாம் என்று நிஜமாகவே வருத்தப்பட்டான்.

சாயங்காலம் அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணு தோணுதுங்க. மேட்டூர் திறந்து வாய்க்கால்ல தண்ணி வந்தா உங்க பிரேக் போகுது. வாய்க்கால் காஞ்சா பிரேக் வந்துடுது. நீங்க தண்ணிக்குள்ள இறக்கிக் குளிப்பாட்டுறதுதான் காரணம். வண்டலெல்லாம் சக்கரத்துக்குள்ள போய் உட்கார்ந்துக்குது."

அறிவுச்செல்வன் சிரித்தான். வருத்தத்திலும் சிரிப்பு வந்தது அவனுக்கு.

"அடி பைத்தியம்! எங்கப்பா அதே வாய்க்கால்ல காலம்பூரா மாடு குளிப்பாட்டினாரு. எந்த மாட்டுக்காவது பிரேக் போச்சா?"

இசைவாணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் அந்த ஒன்றுமில்லாத முகத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே அவளே ஜாஹித்தை வரவழைத்தாள். ஜாஹித் பின் சக்கரங்களைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தான். குழம்பு மாதிரி வண்டல் வழிந்தது.

"அண்ணே, மறுபடியும் சேறுண்ணே. வயலுக்குள்ள விட்டீங்களா?"

"வயலுக்குள்ளயா? என் வண்டியையா? தார் ரோட்டை விட்டு இறக்கமாட்டேன்டா! நேத்து வரப்புல ஏறினதோட சரி."

"முன் சக்கரம்தானே ஏறுச்சு? இது பின் சக்கரம்ண்ணே."

"வண்டி சுத்தம்னா சுத்தம். வாரா வாரம் குளிக்குது. அப்புறம் எங்கேர்ந்துடா சேறு வரும்?"

ஜாஹித் தலையைச் சொறிந்தான். சுத்தமாகத் துடைத்து, பிரேக் ஷூ மாற்றி மாட்டிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் அறிவுச்செல்வன் ஸ்பானரோடு அடியில் புகுந்தான். இசைவாணி டார்ச் பிடித்தாள். ஓரிடத்தில் ஒரு பெரிய நட்டு லேசாக ஆடியது. பிடித்து ஒரே முறுக்கு.

"பார்த்தியா? இதான் கோளாறு! மூணு வருஷமா அவன் கண்ணுல படாதது!"

"அப்படிங்களா?" என்றாள் இசைவாணி. டார்ச் கொஞ்சம் குலுங்கியது.

இனிமேல்தான் வேடிக்கை. அறிவுச்செல்வனின் குடும்பம் நாள், நட்சத்திரம் பார்க்காத குடும்பம். அவன் அப்பா ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். அவனும் அப்படித்தான். தெருவில் யாராவது பஞ்சாங்கத்தை எடுத்தால் அங்கேயே அரைமணி நேரம் பேசாமல் விடமாட்டான். அப்படிப்பட்டவனிடம், அன்று மத்தியானமே, குளிப்பாட்டக் கிளம்புவதற்கு முன், சோறு போட்டுக்கொண்டே இசைவாணி சொன்னாள்.

"கோவிச்சுக்கக் கூடாது. ஜோசியம் பார்த்துட்டு வந்தேன்."

"யாருக்கு?"

"வண்டிக்கு."

அவனுக்குப் புரையேறியது. "வண்டிக்கா? அதுக்கு என்ன, கல்யாணம் தள்ளிப் போகுதா?"

"சிரிக்காதீங்க. வண்டி பதிஞ்ச தேதியைச் சொன்னேன். கட்டம் போட்டுப் பார்த்தவருக்கு முகமே மாறிடுச்சு. வண்டிக்கு ஜலகண்டமாம். தை பொறக்குற வரைக்கும் தண்ணிக்குள்ள இறக்கவே கூடாதாம்."

"இறக்கினா என்ன ஆகுமாம்?" கேள்வி கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகாதாம்."

"பார்த்தியா! நான்தான் சொன்னேனே..."

"ஓட்டுறவங்களுக்குத்தானாம்."

அறிவுச்செல்வன் சிரித்தான். அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி சிரித்தான். கிரகத்துக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தான். ரசத்துக்குச் சோறு வாங்க மறந்து எழுந்து, வைக்கோல் புரியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே படித்துறைக்குக் கிளம்பினான்.

படித்துறையை ஒட்டிய மதகு வரைக்கும் போனான். வாய்க்கால் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. நேற்று வரைக்கும் அழகாகத் தெரிந்த அதே தண்ணீர் இன்று கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. சுழல் வேறு. நான் பயப்படவில்லை, இன்றைக்கு வெயில் கம்மி, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

படித்துறையில் வேட்டி அலசிக்கொண்டிருந்த தெருக்காரன் ராஜ்குமார் விடுவானா?

"என்னா அறிவு, வந்துட்டுத் திரும்புற? குளிப்பாட்டலையா?"

"இல்லப்பா. சளி."

"உனக்கா?"

"வண்டிக்கு."

"வண்டிக்குச் சளியா?"

"கார்புரேட்டர்ல."

"டீசல் வண்டிக்கு ஏதுய்யா கார்புரேட்டர்?"

"அதான் சளி!" என்று சொல்லிவிட்டு அறிவுச்செல்வன் பறந்தான். அடுத்த வெள்ளிக்கிழமையும் வெயில் கம்மியாகத்தான் இருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால் பிரேக் பிடித்தது. நேற்றும் பிடித்தது, இன்றும் பிடித்தது. பெடலில் விரலை வைத்தால் போதும், வண்டி வைத்த இடத்தில் நின்றது. நாற்று ஒரு சாண் வளர்ந்து எடுக்கிற பருவத்துக்கு வந்தபோது அறிவுச்செல்வன் தலைகால் புரியாமல் இருந்தான். நாகம்மாள் திரும்பக் கட்டியிருந்த வைக்கோல் போரை நோக்கி வேகமாக வந்து, ஒரு விரற்கடை இடைவெளியில் நிறுத்திக் காட்டினான். பசு இந்த முறை ஓடக்கூட இல்லை.

நாகம்மாள் வந்தாள். வேறு வேலையாக வந்த ஜாஹித்தும் நின்றான். இவ்வளவு கூட்டம் போதும் அறிவுச்செல்வனுக்கு.

"பார்த்துக்கங்க! மூணு வருஷமா யாராலயும் ஆகாததை ஒரே நட்டுல முடிச்சேன்!"

இசைவாணி நாற்றங்காலிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நிஜமாவே சரியாகிடுச்சாங்க?"

"கண்ணால பார்த்தும் கேக்குறியே! பிரேக் சரியாகிடுச்சு. சரியாகிடுச்சு. சரியாகிடுச்சு!"

"ஒருவேளை ஜோசியர் சொன்னபடி தண்ணியில இறக்காததால..."

"ஜோசியமா!" அறிவுச்செல்வன் நெஞ்சை நிமிர்த்தினான். "நான் யாரு? எங்கப்பா யாரு? என் வீட்டுல வந்து ஜோசியம்னு பேசுறியா? இது முழுக்க முழுக்க என் மூளை. இனிமே இந்தப் பிரேக் போகாது."

"சந்தோஷம்ங்க." இசைவாணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "சாவி."

அறிவுச்செல்வனின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. பிரேக் சரியாகவில்லை என்று சொன்னால், இப்போது நெஞ்சை நிமிர்த்தியது என்னாவது? ஜோசியத்தால்தான் சரியானது, தை வரைக்கும் பொறு என்று சொன்னால் செத்துப்போன அப்பா எழுந்து வந்துவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து.

"அது வந்து வாணி... தாடியை எடுத்துட்டு அப்புறமா..."

"வைக்கோல் போர்கிட்ட நின்னு நீ சொன்னதும் எனக்குத் தெரியும், சாவி தரேன்னதும் தெரியும்," என்றாள் நாகம்மாள். "நான்தானே சாட்சி. குடு அறிவு."

குடுத்தான். சட்டைப் பை சட்டென்று லேசாகிவிட்டது. மனசு மட்டும் கனத்தது.

தெருப் பெண்கள் நாற்றுப் பாய்களைக் குழந்தையைத் தூக்குகிற பதமாகச் சுருட்டி ஏற்றினார்கள். இசைவாணி டிரைவர் சீட்டில் ஏறினாள். சீட்டை இழுக்கவில்லை, கண்ணாடியைத் திருப்பவில்லை. இரண்டும் அன்றைக்கே அவள் அளவுக்கு வந்துவிட்டன. அறிவுச்செல்வன் இத்தனை நாளும் முட்டி இடிக்க இடிக்க அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தது இப்போதுதான் அவனுக்கே உறைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்த வண்டியில் இடது பக்கமாகச் சுற்றிப் போய் ஏறினான்.

"ஹாரன் அடி... கியரை மாத்து... பார்த்து, பார்த்து, மதகு!"

"மதகு போன வருஷமும் இங்கதாங்க இருந்துச்சு."

வாய்க்கால் ரோடு. ஒரு பக்கம் குறுவை அறுத்த தாள், மறு பக்கம் உழுது தண்ணீர் கட்டிய வயல். வளைவு திரும்பியதும் ரோடு முழுக்க வாத்து. மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் பெரிய மந்தை. அறிவுச்செல்வன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். வலது காலால் தரையை ஓங்கி மிதித்தான். இறக்கைச் சத்தத்துக்குக் காத்திருந்தான்.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால், வண்டி பூ மாதிரி நின்றிருந்தது. வாத்துகள் அவசரமில்லாமல் ஆடி ஆடி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தான். ஒரு நாற்றுப் பாய் கூட நழுவவில்லை. இவ்வளவு பக்குவமாக அவனே ஒரு நாளும் நிறுத்தியதில்லை. அவள் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குப் பெருமை பொங்கியது. என் பெண்டாட்டி என்று வாத்துக்காரரிடம் சொல்லலாம் போலிருந்தது. இந்த நாற்றை இனி யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று அவனுக்கே உறுதியாகத் தோன்றியது.

கடைசி வாத்து கடந்தது. வண்டி கிளம்பியது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"வாணி, யாருகிட்டயும் சொல்லாத. அந்த ஜோசியர் கெட்டிக்காரர்தான். எந்த ஊரு?"

"எந்த ஜோசியருங்க?"

"அதான், ஜலகண்டம் சொன்னவரு."

"வண்டிக்கு யாராவது ஜோசியம் பார்ப்பாங்களா? நீங்கதான் இதெல்லாம் நம்பாதவராச்சே." அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. "வண்டல்னு சொன்னா சிரிக்கிறீங்க. கண்டம்னு சொன்னாத்தான் கேக்குறீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அறிவுச்செல்வன் தாடியைச் சொறிந்துகொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப, நான் முறுக்கின அந்த நட்டு?"

"ஸ்டெப்னி டயரைப் பிடிச்சிருக்குற நட்டுங்க அது. நல்ல வேளை முறுக்கினீங்க, இல்லைன்னா ரோட்டுல விழுந்திருக்கும்."

எதிரே ஒரு பஸ் வந்தது. அறிவுச்செல்வன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு காலையும் தரையில் ஊன்றி மிதித்தான்.

"காலை எடுங்க," என்றாள் இசைவாணி. "அந்தப் பக்கம் பிரேக் கிடையாது."